சுவர் எடுத்த சித்திரை

எங்கள் வீட்டுக் கூடத்தின் மேற்குச் சுவரை எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்த அன்றே, அந்தப் பக்கம் வரப்போகிற அறை எனக்குத்தான் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. அப்பா, "ஹால் பத்தல, கொஞ்சம் இழுத்துக் கட்டணும்" என்றதோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் நான் நாலாம் வகுப்பு முடித்து ஐந்துக்குப் போகிறவள். வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் பெண்ணுக்குத் தனி அறை இருந்தது, அதில் மேசை விசிறியும் இருந்தது. அவளுக்கு இருக்கும்போது எனக்கு வருவதில் என்ன அதிசயம்? சுவருக்கு வெளியே கிடந்த வெற்று மண்ணில் குச்சியால் கோடு கிழித்து, இங்கே மேசை, இங்கே விசிறி என்று அத்தையிடம் காட்டினேன்.

"கட்டில் எங்கடி போடுவ?" என்று கேட்டாள் அத்தை.

"கட்டில் உனக்குத்தான் அத்தை. இந்த மூலையில."

அவள் அந்த மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு துணி காயப்போட எழுந்து போய்விட்டாள்.

மதுரை திருநகரில் தாத்தா கட்டிய வீடு அது. ஒரு கூடம், ஓர் அறை, அடுப்படி, பின்னால் குளியலறை, அவ்வளவுதான். அப்பா பஸ் கண்டக்டர். விடிகாலை ஷிப்ட், மதிய ஷிப்ட் என்று மாறி மாறிப் போய்வருவார். அத்தை அப்பாவின் ஒரே தங்கை. வாடிப்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமாவுக்கு அங்கே ஒரு மரக்கடையில் வேலை. முந்தைய தீபாவளி முடிந்த கையோடு, "பத்து நாள் இருந்துட்டுப் போறேன் அண்ணே" என்று ஒரு துணிப்பையுடன் வந்தவள், பொங்கல் போய், மாசி போய், இன்னும் எங்களோடுதான் இருந்தாள்.

மாமாவின் அம்மா ஏதோ பேசிவிட்டார்களாம். அது கூடப் பரவாயில்லையாம். மாமா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தவர் வாயைத் திறக்கவில்லையாம். அம்மாவும் அத்தையும் அடுப்படியில் பேசிக்கொள்ளும்போது என் காதில் விழுந்தது இவ்வளவுதான். அப்பா அதைப் பற்றி வீட்டில் ஒரே ஒரு முறைதான் பேசினார். "கூட்டிட்டுப் போக வேண்டியவர் வந்து கூட்டிட்டுப் போகட்டும். நம்ம கொண்டுபோய் விடக் கூடாது." அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை.

அத்தை கூடத்தில்தான் படுப்பாள், மேற்குச் சுவரில் தலைமாட்டை ஒட்டிக்கொண்டு. நான் அவள் பக்கத்தில். அவள் கொண்டுவந்த துணிப்பை அதே சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். காலையில் அதிலிருந்து சேலையை எடுப்பாள். துவைத்து, காயவைத்து, மடித்துத் திரும்ப அதிலேயே வைப்பாள். அம்மா பீரோவில் ஒரு தட்டு ஒழித்துக் கொடுத்து, "இதுல வச்சுக்கம்மா" என்று எத்தனையோ முறை சொன்னார். "இருக்கட்டும் மதினி" என்பாள். அந்தத் தட்டு காலியாகவே கிடந்தது. நான் அதில் என் பொம்மைகளை அடுக்கிவைத்தேன்.

கொத்தனார் ஒரு பங்குனிக் காலையில் வந்தார். விரல் மடக்கிச் சுவரைத் தட்டினார். மாடிக்குப் போய்ப் பார்த்தார். கூடத்தின் நடுவில் நின்று மேல்தளத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்: "தளம் முழுக்க இந்தச் செவுத்து மேலதான் உக்காந்திருக்குண்ணே. சும்மா இடிச்சா இறங்கிரும். ரெண்டு பக்கமும் முட்டுக் குடுத்து, கனத்தக் கம்புக்கு மாத்திட்டு, அதுக்குப் பொறகுதான் செவுத்துல கை வைக்கணும். அங்குட்டு ஒரு தூணு, இங்குட்டு ஒரு தூணு, மேல பீமு. பீமு நல்லா இறுகுற வரைக்கும் கம்பு நிக்கணும்."

அப்பா தலையாட்டினார். அத்தைதான் கேள்வி கேட்டாள். கம்பு எத்தனை நாள் தாங்கும்? ஒரு கம்பு மட்டும் நகர்ந்தால் என்ன ஆகும்? நகர்ந்தால் எப்படிச் சரி செய்வீர்கள்? கொத்தனார் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியாக அவள், "பீம் போட்டதுக்கப்பறம், திரும்ப இந்தச் செவுரு வேணும்னா கட்டிக்கிறலாமா?" என்று கேட்டாள்.

கொத்தனார் சிரித்துவிட்டார். "இன்னும் எடுக்கவே இல்ல. அதுக்குள்ள கட்டச் சொல்றீகளே தாயி."

எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவைத் தவிர.

அதற்குப் பிறகும் வேலை உடனே ஆரம்பிக்கவில்லை. பங்குனியில் வேண்டாம் என்று அத்தைதான் சொன்னாள். அடுத்து, எனக்குப் பரீட்சை நடக்கும்போது தூசியும் சத்தமும் ஆகாது என்றாள். அத்தைக்கு என் படிப்பில் எவ்வளவு அக்கறை என்று எனக்குப் பெருமையாக இருந்தது. என் பரீட்சை முடிந்ததும் சொல்வதற்கு அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை.

சவுக்குக் கம்புகள் ஒரு வண்டியில் வந்து இறங்கின. சுவரை ஒட்டிக் கூடத்துக்குள் ஒரு வரிசை, வெளியே தளம் நீட்டிக்கொண்டிருந்த இடத்துக்குக் கீழே மண்ணில் பலகை போட்டு இன்னொரு வரிசை. கம்புகளின் தலையில் குறுக்கே நீளச் சட்டம் வைத்து, ஒவ்வொரு கம்பின் அடியிலும் ஆப்பு அடித்து இறுக்கினார்கள். எனக்குக் கொண்டாட்டம். கூடம் தோப்பாகிவிட்டது. கம்புக்குக் கம்பு தாவி ஓடினேன். கம்பில் காதை வைத்தால் மாடியில் நடப்பவர்களின் காலடி கேட்டது. சவுக்கு வாசனையும் சிமெண்ட் வாசனையும் கலந்து வீட்டுக்குள் வந்தன. இன்றைக்கும் கட்டடம் நடக்கும் இடத்தைத் தாண்டிப் போனால் அந்த வாசனைக்காக ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போகிறேன்.

சுவரை இடித்த அன்று அத்தை தன் பையை ஆணியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்தாள். மேலிருந்து வரிசை வரிசையாகச் செங்கல்லை உருவினார்கள். முதல் ஓட்டை விழுந்து வெளி வெளிச்சம் கூடத்துக்குள் பாய்ந்தபோது நான் கை தட்டினேன். திரும்பிப் பார்த்தால் அத்தை அழுதுகொண்டிருந்தாள்.

நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "பயப்படாத அத்தை. கூரை விழாது. கொத்தனார்தான் சொன்னார்ல?"

"விழாதுடா தங்கம்" என்று கண்ணைத் துடைத்தாள். "எனக்குத் தெரியும்."

அப்பாவும் அதைப் பார்த்தார். அவர் பங்குக்கு அவரும் தவறாகத்தான் புரிந்துகொண்டார் என்று இப்போது தோன்றுகிறது. அன்று சாயங்காலம் கொத்தனாரிடம், "மேக்கால பெரிய ஜன்னலா வைங்க. பாப்பாவுக்குக் காத்து வேணும்" என்றார். அத்தையை அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பாப்பா நான்தான் என்று எடுத்துக்கொண்டு நான் மறுபடியும் கை தட்டினேன்.

தூண்கள் இரண்டும் எழும்பின. பீமுக்குப் பலகை அடித்துக் கம்பி கட்டினார்கள். கான்கிரீட் போட வேண்டியதுதான் பாக்கி என்றிருந்தபோது சித்திரைத் திருவிழா வந்துவிட்டது. அழகர் ஆற்றில் இறங்கும் அன்று மதுரையில் யார் வேலைக்கு வருவார்கள்? "சாமியப் பாத்துட்டு வந்து போட்டுருவோம்" என்று கொத்தனார் போய்விட்டார். அப்பாவுக்குத் திருவிழா ஸ்பெஷல் பஸ் டூட்டி. விடியும் முன்பே கிளம்பிவிட்டார். அம்மா, அத்தை, நான் மூவரும் டிவியில் அழகரைப் பார்த்தோம். பச்சைப் பட்டு உடுத்தி இறங்கினார். "மழை நல்லாப் பெய்யும்" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அது மதியத்துக்கு மேல் எங்கள் வீட்டின் மேலேயே பெய்ய ஆரம்பித்தது.

சுவரில்லாத பக்கம் கட்டியிருந்த தார்ப்பாய் முதல் காற்றிலேயே பிய்த்துக்கொண்டு போனது. கூடத்துக்குள் சாரல் அடித்தது. பாயைச் சுருட்டவும் டிவியை மூடவும் அம்மா ஓடிக்கொண்டிருந்தபோது, வெளிப்பக்கம் மூலையில் நின்ற கம்பு கிரீச்சென்று சத்தம் போட்டது. மாடி விளிம்பைத் தாண்டி வழிந்த தண்ணீர் அஸ்திவாரத்துக்குத் தோண்டிய பள்ளத்தில் நிறைந்து, கம்புகளின் அடியில் இருந்த மண்ணைக் கரைத்துக்கொண்டிருந்தது. மூலைக் கம்பின் பலகை ஒரு பக்கமாகச் சரிந்து இறங்கியிருந்தது. அடுத்து, மேலேயிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. அண்ணாந்து பார்த்தால் தளத்தில் மயிரிழை போல ஒரு கோடு.

"மதினி, பிள்ளையத் தூக்கிட்டு வெளிய போங்க" என்றாள் அத்தை.

"நீயும் வா."

"மாடியில தண்ணி கட்டி நிக்கிது. மேல கனம் ஏறினா ஒண்ணுமே தாங்காது. நீங்க போங்க."

அம்மா என்னை இழுத்துக்கொண்டு கேட்டுக்குப் போய்க் குடையின் கீழ் நின்றார். அத்தை வெளிப்படியில் மாடிக்கு ஓடியதும், தண்ணீர் வெளியேறும் ஓட்டையை அடைத்திருந்த சாந்துப் பையையும் சருகையும் அவள் மண்டியிட்டு வாரி எறிவதும் கேட்டிலிருந்து தெரிந்தன. தண்ணீர் பெரிய வாளியைக் கவிழ்த்ததுபோலத் தெருப்பக்கம் கொட்டியது. அவள் இறங்கி வந்து சரிந்த கம்பின் பக்கத்தில் நின்றாள். சேலை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. அம்மா என் தோளை நெரித்துக்கொண்டு, "தள்ளி நில்லும்மா, தள்ளி நில்லு" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் ஒரு பைக் வந்து நின்றது. மாமா. தலையிலிருந்து கால் வரை நனைந்திருந்தார். அம்மாவைப் பார்த்து, "அழகரப் பாக்க வந்தேங்க்கா, அப்பிடியே..." என்று ஆரம்பித்தவர், சுவர் இருந்த இடத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு உள்ளே ஓடினார்.

அத்தை அவரைப் பார்த்தாள். வாங்க என்று சொல்லவில்லை. "பலகை எறங்கிருச்சு. அகலமா ஒண்ணு வேணும்" என்றாள்.

எடுத்த சுவரின் பழைய ஜன்னல் கதவு, நல்ல கனமான தேக்கு, அங்கேதான் சாத்தியிருந்தது. மாமா அதை இழுத்து வந்தார். சரிந்த கம்பைப் பிடித்து நிமிர்த்தப் போனார்.

"பழசத் தொடாதீங்க" என்றாள் அத்தை. "பக்கத்துல புதுசு நிறுத்துங்க. அது கனத்த வாங்கின பொறகுதான் இத எடுக்கணும்."

மாமா ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு சொன்னபடியே செய்தார். கொஞ்சம் தள்ளி, இறுகிய தரையில் ஜன்னல் கதவைக் கிடத்தி, மிச்சம் கிடந்த கம்பை அதன்மேல் நிறுத்தினார். அத்தை கம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அவர் சுத்தியலால் ஆப்பை அடித்தார்.

"ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி அடிங்க. ஒரே பக்கமா அடிச்சா ஓடிரும்."

"இம்புட்டுப் போதுமா?"

"இன்னும் கொஞ்சம்."

"இப்ப?"

"இன்னொண்ணு. ம்... போதும், போதும். தளத்தத் தூக்கிட்டுப் போகவா வந்தீங்க?"

மாமா சிரித்தார். அத்தையும் சிரித்தாள். எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. மாமா மண்வெட்டியை எடுத்துப் பள்ளத்துத் தண்ணீரைத் தெருவுக்கு வெட்டிவிட்டார். அவர் வெட்ட வெட்ட அவள் காலால் மண்ணை ஒதுக்கினாள். இருவரும் எதையோ பேசிக்கொண்டார்கள், மழைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. குடையின் கீழ் அம்மாவின் பிடி தளர்ந்தது. திரும்பிப் பார்த்தால் அம்மாவின் முகத்திலும் சிரிப்பு.

மழை விட்டது. அம்மா காபி போட்டார். மாமாவுக்குத் தலை துவட்ட ஒரு துண்டு கொடுத்தார். அப்பாவின் சட்டையை எடுத்து நீட்டியபோது, "இருக்கட்டும்க்கா, மேலேயே காஞ்சிரும்" என்றுவிட்டார். பொழுது சாயும் நேரத்துக்கு அப்பா காக்கிச் சட்டையோடு வந்தார். நடந்ததை அம்மா படபடவென்று சொல்லி முடித்ததும், அப்பா புதுக் கம்பைக் கையால் தட்டிப் பார்த்தார். "வாங்க மாப்ள" என்றார். கம்புகளுக்கு நடுவே நாற்காலி போட்டு இருவரும் உட்கார்ந்தார்கள்.

அழகரைப் பற்றிப் பேசினார்கள். ஆற்றில் கூட்டம் எப்படி என்று பேசினார்கள். சிமெண்ட் தட்டுப்பாட்டைப் பற்றிப் பேசினார்கள். அத்தை அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். உலர்ந்த சேலை மாற்றி, தலை வாரிப் பூ வைத்திருந்தாள். அவளுடைய துணிப்பை அவள் காலடியில் இருந்தது. மழையில் நனையாமல் அம்மா தூக்கி வைத்ததாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"ரூம் கட்டுறீங்கன்னு ஊர்ல சொன்னாங்க" என்றார் மாமா. தூணையும் அதற்கு அப்பால் தோண்டிய பள்ளத்தையும் பார்த்தார். "நல்ல பெருசாத்தான் வருது, மச்சான்."

"ஆமா" என்றார் அப்பா. "பாப்பாவுக்கு..." என்றவர் நிறுத்திக்கொண்டார். "ஹால் பத்தலைல."

மாமா காபித் தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல், "அப்ப வாரேன்" என்றார்.

"சாப்பிட்டுப் போகலாம்ல தம்பி" என்றார் அம்மா.

"இல்லக்கா, இருட்டிரும்."

நான் அவர் பின்னாலேயே கேட்டுக்குப் போனேன். பைக்கைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தி, உதைத்தார். கிளம்பவில்லை. மறுபடியும் உதைத்தார். அவருடைய சாவிக்கொத்து சட்டைப் பையிலிருந்து வெளியே தொங்கியது, சிவப்பு பிளாஸ்டிக் மீன் ஒன்று. ஒவ்வொரு உதைக்கும் அந்த மீன் துள்ளியது. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அவர் உதைப்பார், நிறுத்துவார், எங்கள் வீட்டு வாசலைப் பார்ப்பார், திரும்ப உதைப்பார்.

நான் உள்ளே ஓடி, "மாமா வண்டி மக்கர் பண்ணுது!" என்றேன்.

"பிளக்குல தண்ணி ஏறியிருக்கும்" என்று அப்பா எழுந்தார்.

"நீ இருண்ணே" என்றாள் அத்தை.

அவள் குரல் அப்படி இருந்தது. அப்பா உட்கார்ந்துவிட்டார். உதைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பூவை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு, வாசலையே பார்த்தபடி அத்தை நின்றாள். ஓர் அடி எடுத்து வைத்தாள் என்று நினைக்கிறேன். வைக்காமலும் இருந்திருக்கலாம். சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. அப்புறம் பைக் ஒரே உதையில் சீறிக்கொண்டு கிளம்பி, மெயின் ரோட்டுப் பக்கம் தேய்ந்து போனது.

"கெளம்பிருச்சு!" என்று நான் குதித்தேன். அத்தை இனி எங்கேயும் போகமாட்டாள் என்பதில் எனக்கு அத்தனை சந்தோஷம்.

திருவிழா முடிந்து பீம் போட்டார்கள். அது இறுகியதும் கம்புகளைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கூடம் வெறிச்சோடியது. ஆடிக்குள் அறை முடிந்தது. மேற்கே பெரிய ஜன்னல், மூலையில் கட்டில். அத்தை அதில் குடியேறினாள். எனக்குத் தரவில்லையே என்று நான் ரெண்டு நாள் சாப்பிடாமல் அடம்பிடித்தேன். அடுத்த வருஷம் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி அந்த உறவை முடித்துவிட்டார்கள். மாமா ஓசூர்ப் பக்கம் போய்விட்டார், அங்கே இன்னொரு கல்யாணம் ஆனது என்று கேள்விப்பட்டோம். அத்தை டவுன்ஹால் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம் தோழி ஒருத்தியின் அண்ணனுடைய பைக்கில் ஏறி உட்கார்ந்து, விளையாட்டாக உதைத்துப் பார்த்தேன். எத்தனை உதைத்தும் கிளம்பவில்லை. தோழி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "லூசு, சாவியே போடலடி. நாளைக்கு வரைக்கும் ஒதச்சாலும் ஸ்டார்ட் ஆகாது."

நான் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் அத்தை கடையிலிருந்து வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டிருந்தாள். சொல்லலாமா என்று யோசித்து யோசித்து, கடைசியில் சொல்லிவிட்டேன். சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது அத்தை என்று.

அவள் ஆச்சரியப்படவில்லை. "அது ஒத்த ஒதையில கெளம்புற வண்டி" என்றாள். "எனக்குத் தெரியாதா?"

"பிறகு ஏன் நீ போகல? அப்பாவயும் விடல?"

"அண்ணன் போயி கூட்டியாந்தா, அண்ணன் கூட்டியாந்ததா ஆயிரும்ல. வாய்விட்டு ஒரு வார்த்த கூப்பிடட்டும்னு பாத்தேன். அவரும் அதத்தான் பாத்திருப்பாரு போல."

ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பேச்சு அவ்வளவுதான் என்று நினைத்து எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீதான கேட்டுல நின்ன. கெளம்பும்போது அவருக்குச் சட்டை காஞ்சிருந்துச்சா?"

காய்ந்திருந்தது என்று சொன்னேன். எனக்கு நினைவில்லை. ஒன்பது வயதில் நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்தச் சிவப்பு மீனைத்தான்.